லிதியம் சேமக்கலங்களில் நுண்துகள் மின்வாய்கள்

பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட் பகுதியிலுள்ள ரிச்சர்ட்ஸ் டவுனை அடுத்துப் 'பாட்டரி டவுன்' என்னும் சிறு குடியிருப்பு ஒன்று உண்டு. இப்பெயரைத் தமிழெழுத்தில் காண்போர் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாட்டரியையே முதலில் நினைப்பர். ஆனால் இப்பெயர் மட்பாண்டத் தொழிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினின்று வந்தது. அங்குக் குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் களிமண்ணைப் பிசைந்து, வனைந்து, சூளையிலிட்டுச் சுட்டு வருகின்றன.

இவ்விரு பாட்டரிகளுக்கும் எழுத்தொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை என்று தோன்றலாம். உண்மை அதுவன்று. ரிச்சர்ட்ஸ் டவுன் தெருக்களில் இன்று ஓடும் மின்சார ஸ்கூட்டரின் சேமக்கலத்திலுள்ள மின்வாய்ப் பொருளும் சூளையில் சுட்டெடுத்த ஒரு தூளேயாகும். மண் எவ்வளவு நுண்ணியது, நெருப்பு எவ்வளவு கடியது, எவ்வளவு நேரம் சுடப்பட்டது என்னும் மூன்றையும் பொறுத்தே பாண்டத்தின் தரம் அமையும் என்பது குயவர் அறிந்த உண்மை. அதே மூன்றும் சேமக்கலத்தின் தரத்தையும் நிர்ணயிக்கின்றன. அத்தூளின் நுண்மை சேமக்கலத்திற்கு எங்ஙனம் நன்மை செய்கிறது, எங்கே தீமை செய்கிறது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

சேமக்கலத்தின் அமைப்பு

லிதியம் மிக இலேசான உலோகம். இதன் அணு எண் 3. ஒரு கன சென்டிமீட்டரின் எடை 0.53 கிராமே, ஆகவே நீரில் பாதியளவு கனமே உடையது. தன் எலக்ட்ரானை மிக எளிதில் இழக்கும் தன்மையும் இதற்கு உண்டு. எடை குறைவு, மின்னழுத்தம் மிகுதி என்னும் இவ்விரு குணங்களும் ஒருங்கே அமைந்தமையால், குறைந்த எடையில் நிறைந்த ஆற்றலைச் சேமிக்க இது ஏற்றதாயிற்று.

லிதியம் அயனிச் சேமக்கலத்தில் நேர்மின்வாய், எதிர்மின்வாய், இவற்றிற்கிடையே அயனிகளைக் கடத்தும் மின்பகுளி, இரு மின்வாய்களும் ஒன்றையொன்று தொடாதபடி தடுக்கும் நுண்துளைத் தாள் என நான்கு முக்கிய உறுப்புகள் உள. எதிர்மின்வாய் பெரும்பாலும் கிராபைட்டால் ஆனது. நேர்மின்வாய், கோபால்ட் அல்லது நிக்கல், மாங்கனீஸ் ஆகியவற்றின் ஆக்ஸைடாகவோ, இரும்பு பாஸ்பேட்டாகவோ இருக்கும்.

மின்னேற்றம் செய்யும்போது லிதியம் அயனிகள் நேர்மின்வாயை விட்டு வெளியேறி, மின்பகுளியைக் கடந்து, கிராபைட்டின் அடுக்குகளுக்கிடையே புகுந்து தங்குகின்றன. சேமக்கலத்தைப் பயன்படுத்தும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன. அயனிகள் கலத்தினுள்ளே செல்ல, எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றின் வழியே சென்று விளக்கை எரிக்கவும் மோட்டாரைச் சுழற்றவும் செய்கின்றன. ஆகவே நல்ல மின்வாய்ப் பொருளுக்கு மூன்று தகுதிகள் தேவை. அது லிதியத்திற்கு நிறைய இடம் தருதல் வேண்டும். அயனியையும் எலக்ட்ரானையும் விரைவில் கடத்துதல் வேண்டும். அயனிகள் பல்லாயிரம் முறை புகுந்து வெளியேறினும் தன் உருக்குலையாது நிற்றல் வேண்டும்.

வளர்ந்த வரலாறு

அடுக்கமைப்புள்ள டைட்டானியம் சல்பைடில் லிதியம் புகுந்து மீளும் என்பதை 1976இல் ஸ்டான்லி விட்டிங்காம் சேமக்கலமாகவே செய்து காட்டினார். 1980இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் லிதியம் கோபால்ட் ஆக்ஸைடு என்னும் நேர்மின்வாய்ப் பொருளைக் கண்டனர். 1985இல் ஜப்பானியரான அகிரா யோஷினோ தனி லிதிய உலோகத்தை விலக்கி, கரிப்பொருளை எதிர்மின்வாயாக அமைத்தார். 1991இல் சோனி நிறுவனம் இக்கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. இம்மூவர்க்கும் 2019ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அவ்வாண்டு ஸ்டாக்ஹோமில் குட்இனஃபின் சார்பில் நோபெல் சொற்பொழிவை ஆற்றியவர் ஒரு தமிழர் என்பது ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கத்தக்கது. தமிழ்நாட்டின் தென்பகுதியில் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1981இல் சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரமே அவர். 1980களில் குட்இனஃபுடன் சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சி, இரும்புச் சேர்மங்களின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. இரும்பு ஆக்ஸைடு தரும் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்கும் குறைவு. ஆனால் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக சல்பேட் தொகுதியை அமைத்தால், அதே இரும்பு ஏறத்தாழ 3.6 வோல்ட் தருகிறது என்று அவர்கள் கண்டனர். அருமையான கோபால்ட்டின் இடத்தில் மலிவான இரும்பை வைக்கலாம் என்னும் நம்பிக்கை இதனாற் பிறந்தது. 1997இல் பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் ஆகியோர் லிதியம் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். இவர்களுள் முதலிருவரும் இந்தியப் பெயருடையோர்.

துகளின் அளவு ஏன் முக்கியம்?

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பு இவ்வளவையில் பல்லாயிரக் கணக்கில் இருக்கும். ஏறக்குறைய 100 நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்களையோ, அத்தகைய நுண்ணிய உள்ளமைப்புடைய பொருளையோ நானோ அமைப்புடையது என்பர். இங்ஙனம் நுணுக்குவதால் விளையும் பயன் இரண்டு கணக்குகளால் தெளிவாகும்.

முதற் கணக்கு பரப்பைப் பற்றியது. பக்கம் 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனைப் பக்கம் 100 நானோமீட்டர் உள்ள கனசதுரங்களாக வெட்டினால், 1,000 இலட்சம் கோடி, அதாவது ஒன்றின் பின் பதினைந்து சுழிகள் இட்ட அளவு துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டர். நகத்தளவான பொருள், 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறைத் தரையின் பரப்பைப் பெற்றுவிடுகிறது. பரப்பு மிகுந்தால் ஒரே நேரத்தில் உட்புகும் அயனிகளின் தொகையும் மிகும்.

இரண்டாம் கணக்கு நேரத்தைப் பற்றியது. திண்மப் பொருளினுள் அயனி ஊடுருவிப் பரவ ஆகும் நேரம், கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தை ஒட்டி மிகும். தூரம் பத்து மடங்காயின் நேரம் நூறு மடங்காகும். ஒரு பொருளில் 10 மைக்ரோமீட்டர் தூரத்தைக் கடக்க அயனிக்கு 10,000 வினாடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாக ஆகுமெனக் கொள்க. அத்தூரத்தை 100 நானோமீட்டராகக் குறைத்தால், தூரம் நூறில் ஒரு பங்காகிறது. நேரமோ பதினாயிரத்தில் ஒரு பங்காகி, 1 வினாடியே ஆகிறது. பொருள் மாறவில்லை, அதன் துகள் மட்டுமே சிறுத்தது. விரைந்து மின்னேற்றம் பெறும் கலங்களின் அடிப்படை இதுவே.

இரும்பு பாஸ்பேட் பயனுக்கு வந்த விதம்

துகளின் நுண்மை ஒரு பொருளின் தலைவிதியையே மாற்றியதற்கு லிதியம் இரும்பு பாஸ்பேட் சிறந்த உதாரணம். இப்பொருள் மலிவானது; நஞ்சற்றது; வெப்பத்தில் எளிதில் சிதையாதது. இதன் கோட்பாட்டளவான கொள்திறன் கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர்-மணி. எனினும் இதற்கு இரு பெருங்குறைகள் இருந்தன. எலக்ட்ரான்களை இது மிக மிகக் குறைவாகவே கடத்தும். மேலும், இதனுள் லிதியம் அயனி எல்லாத் திசையிலும் செல்ல இயலாது. ஒரே திசையில் அமைந்த குறுகிய கால்வாய்களின் வழியேதான் செல்லும். ஒற்றையடிப் பாதையில் ஒரு வண்டி நின்றால் பின்வரும் வண்டிகள் யாவும் நின்றுவிடுவதுபோல், இடம் மாறி அமர்ந்த ஓர் இரும்பணு அக்கால்வாய் முழுவதையும் அடைத்துவிடும். நீண்ட கால்வாயில் இத்தகைய தடைகள் பல நேரும். குறுகிய கால்வாயில் தடை நேர்வதே அரிது. ஆகவே துகளைச் சிறிதாக்குவது இங்கு இருமடங்கு பயன் தந்தது.

எலக்ட்ரான்களின் குறையை நீக்க, ஒவ்வொரு துகளின்மேலும் மெல்லிய கரிப்பூச்சு இடப்பட்டது. கானடாவில் மிஷேல் அர்மாண்ட் குழுவினர் 1999இல் இம்முறையை அறிவித்தனர். சுடும்போது சர்க்கரை போன்ற கரிமப்பொருள் ஒன்றைக் கலந்தால், அது கருகித் துகள்களைக் கரித்தோலாக மூடிக்கொள்ளும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருப்பதையும் அது தடுக்கும். ஆய்வகத்தில் ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு பொருள், இவ்விரு உபாயங்களால் இன்று பேருந்து, ஆட்டோ, சூரிய விளக்கு ஆகியவற்றிற்கெல்லாம் உகந்த மின்வாயாக விளங்குகிறது.

சிலிக்கானும் பிறவும்

எதிர்மின்வாயிலும் இத்தகைய முயற்சிகள் நடைபெறுகின்றன. கிராபைட்டின் கொள்திறன் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி. சிலிக்கானின் கொள்திறனோ சுமார் 3,600. ஆனால் லிதியத்தை நிறைய ஏற்ற சிலிக்கான் தன் கன அளவில் ஏறத்தாழ நான்கு மடங்காக உப்பிவிடுகிறது. லிதியம் வெளியேறியதும் சுருங்குகிறது. ஏரி வற்றியபின் வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதுபோல், பெரிய சிலிக்கான் துகள் வெடித்துத் தூளாகிவிடும். துகள் மிகச் சிறிதாயின், வெடிப்பு தோன்றிப் பரவ இடமின்மையால் அது உடையாது தாங்குகிறது. சுமார் 150 நானோமீட்டருக்கு உட்பட்ட சிலிக்கான் துகள்கள் முதல் மின்னேற்றத்தில் வெடிப்பதில்லை என 2012இல் நேரிற் காணப்பட்டது. அதற்கு முன்பே, 2008இல், ஸ்டான்போர்டில் யீ சுயி குழுவினர் சிலிக்கானை நுண்கம்பிகளாக வளர்த்து, உப்புவதற்கு இடைவெளி விட்டு அமைத்துக் காட்டினர்.

அயனி புகுந்து தங்குவதன்றி, பொருளே மாறி மீளும் மற்றொரு வகையும் உண்டு. கோபால்ட் ஆக்ஸைடின் நுண்துகள்கள் லிதியத்துடன் வினைபுரிந்து கோபால்ட் உலோகமாகவும் லிதியம் ஆக்ஸைடாகவும் பிரிந்து, பின் மீண்டும் சேரும் என்பதைப் பிரான்சில் தராஸ்கோன் குழுவினர் 2000இல் வெளியிட்டனர். அங்குத் தோன்றும் உலோகத் துகள்கள் சில நானோமீட்டர் அளவினவாக இருப்பதனாலேயே அவ்வினை மீள்கிறது.

சூளையும் சுடரும்

இத்தகைய தூளைச் செய்வது எங்ஙனம்? பழைய முறை குயவரின் முறையை ஒத்தது. தேவையான உப்புகளைச் சேர்த்து அரைத்து, 700 முதல் 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பல மணி நேரம் சுடுவர். இதில் ஓர் இடர் உண்டு. நெடுநேரச் சூட்டில் சிறு துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகிவிடும். மண்பாண்டம் உறுதி பெறுவதற்கு இக்கூடல் தேவை. மின்வாய்த் தூளுக்கோ இது கேடு.

இவ்விடருக்கு ஒரு தீர்வு பெங்களூரிலேயே பிறந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், 1909இல் நிறுவப்பட்ட இந்திய விஞ்ஞானக் கழகத்தில், கே. சி. பாட்டீலும் ஜே. ஜே. கிங்ஸ்லியும் 1988இல் ஒரு புதுமுறையை வெளியிட்டனர். அலுமினியம் நைட்ரேட்டையும், உழவர் யாவரும் அறிந்த யூரியாவையும் நீரில் கரைத்து, 500 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள உலையில் வைத்தனர். கரைசல் கொதித்து, நுரைத்து, தானே தீப்பற்றிச் சுடர்விட்டெரிந்தது. சில நிமிடங்களில் பஞ்சு போன்ற நுண்ணிய அலுமினியம் ஆக்ஸைடு எஞ்சியது.

இதன் காரணம் எளிது. நைட்ரேட் ஆக்ஸிஜனைத் தருகிறது, யூரியா எரிபொருளாகிறது. வினையின் வெப்பமே பொருளைச் சுடுகிறது. ஆதலின் உலையில் நெடுநேரம் வைக்க வேண்டுவதில்லை. வெளியேறும் வாயுக்கள் பொருளை உப்பச் செய்து துகள்களைப் பிரித்து வைக்கின்றன. சூடு கடியது, நேரமோ குறைவு. ஆகவே துகள்கள் கூடிப் பெருக்க வழியில்லை. கரைசல் எரிப்பு முறை எனப்படும் இம்முறை இன்று உலகின் பல ஆய்வகங்களில் கையாளப்படுகிறது. லிதியம் மாங்கனீஸ் ஆக்ஸைடு முதலிய மின்வாய்ப் பொருள்களும் இம்முறையால் செய்யப்பட்டுள்ளன.

நுண்மையின் தீமைகள்

துகள் சிறுத்தால் எல்லாம் நன்மையே என்று கருதலாகாது. 'நானோ' என்னும் சொல்லை விளம்பரத்திற் கண்டவுடன் பொருளின் தரம் உயர்ந்ததென முடிவு செய்வோர்க்கு இதனை விளக்குதல் களப்பணியாளர் கடமை.

முதலாவது, பரப்பு மிகுந்தால் வேண்டாத வினைகளும் மிகும். கிராபைட் அல்லது சிலிக்கானின் மேற்பரப்பில் மின்பகுளி சிதைந்து மெல்லிய படலம் உண்டாகிறது. அப்படலம் ஓரளவு காப்பாகவும் அமையும். ஆயினும் அது லிதியத்தை உண்டே உருவாகிறது. பரப்பு பெருகினால் இழக்கும் லிதியமும் பெருகும். இரண்டாவது, நுண்தூள் இறுக அடையாது. ஒரு படி அரிசியைவிட ஒரு படி அவல் எடை குறைந்திருப்பதுபோல், ஒரே கன அளவில் நுண்தூள் குறைந்த எடையே பிடிக்கும். அதனால் கலம் பருத்துவிடும். மூன்றாவது, நுண்தூளைச் செய்யவும் கையாளவும் செலவு மிகும். அது காற்றில் பறந்து மூச்சுடன் சேராதவாறு தொழிற்சாலையில் காப்பும் தேவை.

இக்குறைகளை நீக்க, நுண்துகள்களைச் சேர்த்துச் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகத் திரட்டும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. இலட்டு ஒன்றினுள் பூந்திகள் அடங்கியிருப்பதை இதற்கு ஒப்பிடலாம். உருண்டை இறுக அடையும்; உள்ளிருக்கும் துகளோ சிறிதாகவே இருக்கும்.

நம் நாட்டில்

மின்வேதியியல் ஆராய்ச்சிக்குத் தமிழகம் பழைய உறைவிடம். அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் துணையாக, 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953 ஜனவரி 14ஆம் நாள் காரைக்குடியில் திறக்கப்பட்டது. அந்நிலையத்தில் கோபுகுமார் தலைமையிலான குழு உருவாக்கிய லிதியம் அயனிக் கலத் தொழில்நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்திற்கு வழங்கும் உடன்படிக்கை, 2018 ஜூனில் பெங்களூரில் கையெழுத்தாயிற்று. திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் விண்கலங்களுக்கான லிதியம் அயனிக் கலங்களை உருவாக்கியுள்ளது. கலங்களை உள்நாட்டிலேயே பேரளவில் செய்வதை ஊக்குவிக்க, 50 கிகாவாட்-மணி உற்பத்தித் திறனை இலக்காகக் கொண்டு, 18,100 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அரசு 2021 மே மாதம் ஒப்புதல் அளித்தது.

மூலப்பொருளைப் பொறுத்தவரை, கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் மார்லகல்லா - அல்லாபட்ணா பகுதியில் 1,600 டன் லிதியம் இருக்கக்கூடும் என அணுக்கனிம இயக்ககத்தின் ஆரம்ப ஆய்வு மதிப்பிட்டது. இது சிறிய அளவே. ஆகவே இரும்பு போன்ற எளிய உலோகங்களைப் பயன்படுத்தும் மின்வாய்களும், பழைய கலங்களினின்று லிதியத்தை மீட்டெடுத்தலும் நம் நாட்டிற்கு மிகவும் இன்றியமையாதன.

களப்பணியாளர் கவனத்திற்கு

1. ஈய-அமிலச் சேமக்கலத்திற்குரிய மின்னேற்றியை லிதியம் கலத்திற்குப் பயன்படுத்தலாகாது. அந்தந்தக் கலத்திற்குரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும்.

2. இரும்பு பாஸ்பேட் கலத்தின் மின்னழுத்தம், இருப்பில் பெரும்பகுதி தீரும் வரையில் 3.2 முதல் 3.3 வோல்ட் அளவிலேயே ஏறக்குறைய மாறாது நிற்கும். ஆகவே வோல்ட்மானியை மட்டும் நம்பி இருப்பை மதிப்பிடுதல் பிழையாகும்.

3. உயர் வெப்பத்தில் கலம் விரைவில் மூப்படையும். சூரிய விளக்கின் கலப்பெட்டியைத் தகரக் கூரையின்கீழ் வெயில் தாக்கும் இடத்தில் வைக்கலாகாது. பனி உறையும் குளிரில் மின்னேற்றம் செய்வதும் தீது. லிதியம் உட்புகாமல் உலோகமாகப் படிந்து, உட்சுருக்கத்திற்கு வழிகோலும்.

4. உப்பிய, நசுங்கிய, துளைபட்ட கலத்தைத் திறக்கவோ, மின்னேற்றவோ கூடாது. அதனை எளிதில் தீப்பற்றும் பொருள்களினின்று அகற்றித் தனியே வைக்க வேண்டும். மின்பகுளி எரியும் தன்மையது.

5. பயன் தீர்ந்த கலங்களைக் குப்பையில் எறியலாகாது. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்துகின்றன.

வகுப்பறைச் சோதனைகள்

லிதியம் கலத்தை வகுப்பில் பிரித்துக் காட்டுதல் எக்காரணத்தாலும் கூடாது. கீழ்க்காணும் எளிய சோதனைகளே போதும்.

சோதனை 1: பக்கம் 3 சென்டிமீட்டர் உள்ள சோப்புக் கட்டி ஒன்றை 27 சிறு கனசதுரங்களாக வெட்டுக. மேற்பரப்பு 54 சதுர சென்டிமீட்டரிலிருந்து 162 ஆக உயர்வதை மாணவரே கணக்கிடுவர்.

சோதனை 2: ஒரே எடையுள்ள கற்கண்டை இரண்டாகக் கொண்டு, ஒன்றைக் கட்டியாகவும் மற்றதைப் பொடித்தும் இரு குவளை நீரில் இட்டு, கரையும் நேரத்தை ஒப்பிடுக.

சோதனை 3: கடைகளில் கிடைக்கும் கடற்பாசியைக் காய்ச்சி, சிறிது சலவைச் சோடாவும் பினாப்தலீனும் சேர்த்து இளஞ்சிவப்புக் கூழாக உறையவிடுக. அதனைப் பக்கம் 5 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டரும் உள்ள துண்டுகளாக வெட்டி, வினிகரில் இடுக. நிறம் ஓரத்திலிருந்து உள்நோக்கி மறையும். பெரிய துண்டு முழுதும் நிறமிழக்கச் சிறியதைவிட இருமடங்கன்று, ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆவதைக் காணலாம். தூரத்தின் வர்க்கத்தை ஒட்டி நேரம் மிகும் என்னும் விதி இதனால் கண்கூடாகும்.

வினாக்கள்

1. துகளின் அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், அயனி பரவும் நேரம் எத்தனையில் ஒரு பங்காகும்?

2. சிலிக்கானின் கொள்திறன் மிகுதியாயிருந்தும் அது கிராபைட்டின் இடத்தை எளிதில் பெறாதது ஏன்?

3. கரைசல் எரிப்பு முறையில் சூடு மிகுந்திருந்தும் துகள்கள் பெருக்காதிருப்பதன் காரணம் யாது?

4. 'நுண்துகள் மின்வாய் எப்போதும் மேலானது' என்னும் கூற்றை மறுத்து இரு காரணங்கள் தருக.

5. உங்கள் ஊரில் பழைய லிதியம் கலங்கள் எங்குச் சேர்கின்றன என விசாரித்து அறிக.